சாயத்தில் தெரிந்த வெள்ளையணுக்கள்: மருத்துவர் பால் எர்லிக்கின் வாழ்க்கை

சென்ற ஆண்டு மார்ச் மாதம், பாசிர் ரிஸ்ஸில் உள்ள பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் விரித்துக் கிடந்தது. பெரியம்மாவுக்குச் சூலகத்தில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த நேரம் அது. சூலகம் என்பது கருமுட்டை உருவாகும் உறுப்பு. பலர் அதைக் கருப்பையோடு குழப்பிக்கொள்கிறார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் குழம்பினோம். வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது என்று பல மாதங்களாக இருந்த தொல்லைகளை அவர் வாயு என்று எண்ணி, ஓமத் தண்ணீர் குடித்தே சமாளித்திருந்தார். இந்நோய் பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதற்கு இத்தகைய சாதாரண அறிகுறிகளும் ஒரு காரணம்.

அந்தத் தாள் இரத்தப் பரிசோதனையின் முடிவு. நியூட்ரோஃபில் என்ற வரிக்கு எதிரே 79 விழுக்காடு என்றும் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருந்தன. லிம்ஃபோசைட் என்ற வரிக்கு எதிரே 13 விழுக்காடு, கீழ்நோக்கிய அம்புக்குறி. இவை என்ன, நல்லதா கெட்டதா என்று பெரியம்மா என்னைக் கேட்டார். உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டிலேயே தங்கியிருக்கும்போது அவர் வேறு யாரைக் கேட்பார்?

நான் ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தேன். அங்கே இவற்றுக்கு வெள்ளையணுக்கள் என்று பெயர். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அவை ‘செல் டாரா பூத்தே’ ஆயின. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பெயர்கள் வந்து சேர்ந்தன. மூன்று மொழிகளில் பெயர் தெரிந்தும் பெரியம்மாவுக்கு ஒரு மொழியிலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய ஆறு வரும். நலமாக உள்ள பெரும்பாலோருக்கு அந்த விகிதம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். சூலகப் புற்றுநோயில் அது உயர்ந்து காணப்படுபவர்கள் சராசரியில் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்று பல ஆய்வுகள் கூறுவதை விரிவுரையில் கேட்டிருந்தேன். ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வருகிற எண்தான் என்று சொல்லிவிட்டு மேசையை விட்டு எழுந்துவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்த அணுக்களை இப்படிப் பிரித்துப் பெயர் வைத்தவர் யார் என்று தேடப்போய், ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் சென்று சேர்ந்தேன். அவர்தான் பால் எர்லிக். மருத்துவ மாணவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். மற்ற நண்பர்களுக்காக அவருடைய கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சாயம் படிந்த விரல்கள்

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் சைலீசியாவில் உள்ள ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது பிரஷ்ய நாட்டைச் சேர்ந்தது; இன்று போலந்தில் உள்ளது. அவர் பிறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1856இல், இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஊதா நிறச் சாயம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அதுவரை செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுக்கப்பட்ட நிறங்கள், அதன் பின் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கின. அத்தொழிலில் ஜெர்மனி விரைவில் முதலிடத்தைப் பிடித்தது. எர்லிக் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

அவருடைய தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் ஒன்பது வயது மூத்தவர், நோய்க்குறியியல் வல்லுநர். துணிக்கு ஏற்றும் புதிய சாயங்களை உடல் திசுக்களின் மீது ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதை எர்லிக்குக்குக் காட்டியவர் அவரே. அன்றிலிருந்து எர்லிக்குக்கு வேறு நினைப்பே இல்லை எனலாம். பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், லைப்சிக் என்று ஊர் ஊராகச் சென்று மருத்துவம் படித்தார். ஆனால் பாடப்புத்தகங்களை விடச் சாயப் புட்டிகளோடுதான் அதிக நேரம் கழித்தார். அவருடைய மேசையும் விரல்களும் எப்போதும் பல நிறங்களில் இருக்குமாம். பிரெஸ்லாவுக்கு வந்திருந்த ராபர்ட் கோக் என்ற மருத்துவரிடம், இந்தப் பையன் சாயம் ஏற்றுவதில் கெட்டிக்காரன், தேர்வில்தான் தேறமாட்டான் என்று அவரைச் சுட்டிக்காட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. எர்லிக் தேறினார். 1878இல் லைப்சிக்கில் அவர் அளித்த ஆய்வேட்டின் பொருளும் திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவதைப் பற்றியதுதான்.

அவர் மனத்தைப் பிடித்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரே சாயத் தொட்டியில் பருத்தியையும் பட்டையும் முக்கினால் இரண்டும் ஒரே அளவாகச் சாயத்தை ஏற்பதில்லை. தேக்கா கடைத்தெருவில் புடவை எடுக்கும் நம் அம்மாக்களுக்கு இது நன்றாகவே தெரியும். அப்படியானால், உடலில் உள்ள ஓர் அணு ஒரு சாயத்தை ஏற்றுக்கொண்டு, பக்கத்தில் உள்ள அணு அதை மறுப்பது ஏன்? அந்த அணுக்கள் வேதியியல் முறையில் வேறுபட்டவையாக இருக்க வேண்டும் அல்லவா? தம் வாழ்நாள் முழுவதும் எர்லிக் செய்த எல்லா ஆய்வுகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை என்றால் அது மிகையாகாது.

பெயர் பெற்ற அணுக்கள்

1878இல் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் பேராசிரியர் ஃபிரெரிக்ஸிடம் அவர் வேலைக்குச் சேர்ந்தார். விருப்பம்போல் ஆய்வு செய்ய அங்கே அவருக்குச் சுதந்திரம் கிடைத்தது. அவர் இரத்தத்தை எடுத்துக்கொண்டார்.

நம் இரத்தத்தில் ஒரு கனமில்லிமீட்டருக்குச் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உள்ளன. சாயம் ஏற்றாமல் நுண்ணோக்கியில் பார்த்தால் அவை நிறமற்ற உருண்டைகளாகத் தெரியும். சிலவற்றில் துகள்கள் உண்டு, சிலவற்றில் இல்லை என்று எர்லிக்குக்கு முன்பே சிலர் கவனித்திருந்தனர். ஆனால் அவற்றை ஐயத்திற்கு இடமின்றிப் பிரித்தறிய வழி இல்லை. எர்லிக் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாகப் பரப்பினார். ஒரு முனையில் சுடர் வைத்துச் சூடேற்றிய செப்புத் தகட்டின் மேல் அதை உலர்த்தினார். பிறகு அமிலத் தன்மை உள்ள சாயம், காரத் தன்மை உள்ள சாயம், இரண்டும் சேர்ந்த நடுநிலைச் சாயம் என்று மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தார்.

அப்போது ஒரே மாதிரி இருந்த உருண்டைகள் தனித்தனி இனங்களாகப் பிரிந்து நின்றன. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைத் தேடி ஏற்றவை இயோசினோஃபில். காரச் சாயத்தை ஏற்றவை பேசோஃபில். நடுநிலைச் சாயத்தை ஏற்றவை நியூட்ரோஃபில். துகள்கள் இல்லாமல், உருண்டைக் கரு மட்டும் அடர்ந்து தெரிந்தவை லிம்ஃபோசைட் வகையைச் சேர்ந்தவை. எந்தச் சாயத்தை விரும்புகிறதோ அதையே பெயராக வைத்துவிட்டார். 1879, 1880ஆம் ஆண்டுகளில், தமது இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் அவர் செய்த வேலை இது. பெரியம்மாவின் தாளில் இருந்த வரிகளுள் பல அவர் பிரித்துக் காட்டியவையே.

ஆனால் இந்த அணுக்கள் உடலில் என்ன செய்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. குறிப்பாக, லிம்ஃபோசைட்டுகளின் வேலை அவர் காலத்தில் யாருக்கும் விளங்கவில்லை. அது தெளிவாவதற்கு 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தம் சளியில் கண்டது

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அவையில் எர்லிக்கும் இருந்தார். கோக் கிருமிக்குச் சாயம் ஏற்றிய முறை கடினமானது. அதை எளிதாக்க எர்லிக் உடனே முனைந்தார். தாம் தயாரித்த கண்ணாடிச் சில்லுகளை அணைந்திருந்த அடுப்பின் மேல் வைத்துவிட்டுச் சென்றாராம். மறுநாள் யாரோ தெரியாமல் அடுப்பை மூட்டிவிட, அந்தச் சூட்டில் சாயம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாகப் பிடித்திருந்தது என்று சொல்வார்கள். காசநோய்க் கிருமியைச் சளியில் கண்டறிய அவர் வகுத்த முறைதான், பின்னர் மற்றவர்களால் திருத்தப்பட்டு உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு சிறுநீரில் செய்யும் சோதனை ஒன்றையும் அவர் வெளியிட்டார். குடற்காய்ச்சலை அறியவும், காசநோயாளியின் நோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டிக் கணிக்கவும் மருத்துவர்கள் அதைப் பல்லாண்டுகள் பயன்படுத்தினார்கள்.

1883இல் ஹெட்விக் பிங்குஸ் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர். 1885இல் ஆதரவளித்த பேராசிரியர் ஃபிரெரிக்ஸ் இறந்தார். அடுத்து வந்தவர் எர்லிக்கின் ஆய்வுகளுக்கு முன்புபோல் இடம் கொடுக்கவில்லை. அந்நாள்களில் எர்லிக்குக்கு இருமல் தொடங்கியது. தம் சளியை எடுத்து, தாமே கண்டுபிடித்த முறையில் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். காசநோய்க் கிருமி தெரிந்தது.

இந்த இடத்தில்தான் நான் அன்றிரவு படிப்பதை நிறுத்தினேன். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. அந்தக் கிருமி சளியில் தெரிந்தால் என்ன பொருள் என்பது அவரைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? அவருக்கு வயது முப்பத்தைந்துகூட நிரம்பியிருக்காது. இளம் மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். கெட்ட அடையாளத்தைக் கண்டவர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. வேலையை விட்டு மனைவியுடன் எகிப்துக்குச் சென்று, அங்கே வறண்ட வெப்பத்தில் தங்கி உடல் தேறினார். பெர்லினுக்குத் திரும்பி, வேலை இல்லாத நிலையிலும் வாடகை வீட்டில் சிறிய ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். அதற்குப் பின் கால் நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்தார். உலகம் அவரை நினைவில் வைத்திருக்கும் காரியங்களில் பெரும்பாலானவற்றை அந்த ஆண்டுகளில்தான் செய்தார்.

உடலின் காவல்

1891இல் கோக் தமது புதிய ஆய்வுக் கழகத்துக்கு எர்லிக்கை அழைத்துக்கொண்டார். அங்கே எமில் பேரிங் தொண்டை அடைப்பான் நோய்க்குச் சீரம் உருவாக்கிக்கொண்டிருந்தார். குழந்தைகளைக் கொன்று குவித்த நோய் அது. சீரம் ஒரு புட்டியில் வலுவாகவும் இன்னொரு புட்டியில் வலுவின்றியும் இருந்ததால் பயன் நிச்சயமில்லாமல் இருந்தது. அதன் வலிமையை அளந்து தரப்படுத்தும் முறையை வகுத்தவர் எர்லிக். ஆனால் இத்தொழிலில் கிடைத்த பொருளும் புகழும் அதிகமாகப் பேரிங்கையே சேர்ந்தன. நட்பும் கசந்தது.

1897இல் எர்லிக் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அணுக்களின் மேல் கைகள் போன்ற பகுதிகள் உள்ளன, நச்சுப்பொருள் அவற்றில் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது, அப்போது அணு அத்தகைய கைகளை மிகுதியாகச் செய்து இரத்தத்தில் விடுகிறது, அவையே நோயை எதிர்க்கும் பொருள்கள் என்றார். விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை எண்ணம் நிலைத்துவிட்டது. 1899இல் அவருக்கென ஃபிராங்ஃபர்ட் நகரில் ஓர் ஆய்வுக் கழகம் திறக்கப்பட்டது. 1908இல் மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய அறிஞரோடு சேர்ந்து நோபெல் பரிசு பெற்றார்.

ஃபிராங்ஃபர்ட்டில் அவர் பல ஆண்டுகள் புற்றுநோயையும் ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. எலிகளின் கட்டிகளை வேறு எலிகளுக்கு மாற்றி, எது வளர்கிறது எது வளரவில்லை என்று பார்த்துவந்தார். 1909இல் ஒரு கருத்தை வெளியிட்டார். நம் உடலில் பிறழ்ந்த அணுக்கள் அடிக்கடி தோன்றிக்கொண்டேதான் இருக்கின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை அடக்கி வைக்காவிட்டால் புற்றுநோய் இப்போது இருப்பதைவிட மிகப் பரவலாக இருக்கும் என்பதே அது. அன்று அதை மெய்ப்பிக்க அவரிடம் கருவி இல்லை. 1950களில் பெர்னட், தாமஸ் என்னும் இரு அறிஞர்கள் அக்கருத்தை மீண்டும் எடுத்து வளர்க்கும் வரை அது பெரிதாகப் பேசப்படவில்லை.

அவருடைய கடைசி ஆண்டுகள் வேறு திசையில் சென்றன. சாயம் ஓர் அணுவை மட்டும் தேடிப் பற்றுமானால், மருந்தும் கிருமியை மட்டும் தேடிப் பற்ற முடியாதா என்று எண்ணி, நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைத் தம் குழுவினரோடு சோதித்தார். 1909இல் ஜப்பானிலிருந்து வந்த சஹாச்சிரோ ஹாட்டா, 606ஆம் எண் பொருள் மேகநோய்க் கிருமியைக் கொல்வதைக் கண்டார். 1910இல் அது சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. புகழோடு பழியும் வந்தது. பக்க விளைவுகளைக் காட்டி அவரைத் தூற்றியவர்களும் உண்டு. 1914இல் அந்த விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. ஓயாமல் சுருட்டுப் பிடித்து, சரியாக உண்ணாமல் உழைத்த உடல் தளர்ந்தது. 1915 ஆகஸ்ட் 20 அன்று, அறுபத்தோராவது வயதில், பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் காலமானார்.

நாஜி ஆட்சியில் அவர் யூதர் என்பதற்காக ஃபிராங்ஃபர்ட்டில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பலகை அகற்றப்பட்டது. ஹெட்விக் முதுமையில் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. போருக்குப் பின் பெயர் திரும்பி வந்தது. 1990 முதல், யூரோ வரும் வரை, ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் அவர் முகம் இருந்தது.

அந்த இரண்டு வரிகள்

இனி பெரியம்மாவின் தாளுக்கு வருவோம்.

இன்று லிம்ஃபோசைட்டுகளின் வேலை தெரியும். அவற்றுள் ஒரு வகையான டி அணுக்கள் புற்றணுக்களை இனங்கண்டு கொல்கின்றன. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முற்றிய சூலகப் புற்றுநோய் கொண்ட 186 பெண்களின் கட்டிகளைப் பரிசோதித்தது. கட்டிக்குள் டி அணுக்கள் புகுந்திருந்தவர்களில் 38 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தனர். புகாதவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் 4.5 விழுக்காட்டினர் மட்டுமே. எர்லிக் 1909இல் ஊகித்தது, கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து எண்ணாக எழுந்து நின்றது.

நியூட்ரோஃபில் கிருமியை எதிர்க்கும் முதல் படை. ஆனால் புற்றுநோயில் அது சில சமயம் எதிரிக்கே உதவிவிடுகிறது. அது வெளியிடும் பொருள்கள் கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும், டி அணுக்கள் அடங்கிப்போகவும் துணைசெய்கின்றன. அதனால்தான் நியூட்ரோஃபில் கூடி, லிம்ஃபோசைட் குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்கிறார்கள். கட்டியை அறுத்துப் பார்க்காமல், ஒரு துளி இரத்தத்தில், அதிகச் செலவின்றிக் கிடைக்கும் குறிப்பு என்பது இதன் சிறப்பு.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். சாதாரணக் காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, உடலுக்கு நேரும் கடும் அயர்ச்சி ஆகியவையும் இந்த விகிதத்தை உயர்த்திவிடும். எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது, அறுவை சிகிச்சையில் கட்டி எவ்வளவு எடுக்கப்பட்டது, அது எவ்வகை அணுவில் தோன்றியது என்பவையே இன்றும் முதன்மையானவை. மேலும், ஆய்வுகள் சொல்வது ஆயிரம் பெண்களின் சராசரியை. அந்த ஆயிரத்தில் பெரியம்மா எந்த இடத்தில் நிற்கிறார் என்று எந்த ஆய்வும் சொல்லாது.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், நான் முதல் நாள் சொன்ன பதில் தவறு என்று உணர்ந்தேன். எண் கெட்டதாக இருந்ததால், அதை மறைப்பதே அன்பு என்று எண்ணிவிட்டேன். பெரியம்மா கேட்டது ஆறுதல் அல்ல, விளக்கம். இரண்டு நாள் கழித்து அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே அமர்ந்து, எர்லிக்கின் கதையிலிருந்தே தொடங்கினேன். சாயத்தைப் பற்றியும், தம் சளியில் அவர் கண்டதைப் பற்றியும் சொன்னேன். பிறகு அந்த இரண்டு வரிகளின் பொருளை ஒளிக்காமல் சொன்னேன். நோய் எப்படிப் போகும் என்ற மதிப்பீட்டுக்குத் தமிழில் என்ன சொல் என்று தேடி, நோய்ப்போக்குக் கணிப்பு என்று சொன்னேன். தலையெழுத்து என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பெரியம்மா அழவில்லை. அந்த மனிதர் எகிப்துக்குப் போனபோது பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தத் தாளை எடுத்து வரச் சொல்லி, இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். முதல் படை என்று ஒன்றுக்கும், புற்றணுவைக் கொல்லும் அணு என்று மற்றொன்றுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்தது. ஆறு சுற்று மருந்தேற்றமும் முடிந்துவிட்டது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறார். இப்போது தாள் வந்ததும் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு வரிகளைத் தேடி, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முதல் நாள் இரவே எழுதி வைத்துக்கொள்கிறார். சென்ற முறை அந்தக் கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதித் தந்தது மட்டும்தான் என் வேலை.